பட்டினி கிடப்பதும் ஒரு தகுதியா?

சட்ட நிறுவனங்களில் எல்லாச் சமூகத்தினரையும் பெண்களையும் முனைந்து சேர்ப்பது தொழிலின் தரத்தைக் கெடுத்துவிடும் என்று எழுதியிருக்கிறார் ஒரு மூத்த வழக்கறிஞர். திறமை ஒன்றே இங்கே கதவைத் திறக்கும் என்று முதல் பக்கத்தில் முழங்குகிறவர், நான்காம் பக்கத்தில் தாத்தாவின் சேம்பர் தந்தைக்கும், தந்தையின் கட்சிக்காரர்கள் தமக்கும் வந்து சேர்ந்த பெருமையை விரித்துரைக்கிறார். முன்னுக்குப்பின் முரணாகப் பேசும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கிழித்துத் தொங்கவிடுகிறவருக்குத் தம் கட்டுரையை ஒருமுறை திருப்பிப் படிக்க நேரமில்லையா?

நீதிமன்ற வாசல் என்றும் எல்லோருக்கும் திறந்தே இருந்ததாம். 1916இல் ரெஜினா குஹாவைக் கல்கத்தா உயர் நீதிமன்றமும், 1921இல் சுதான்சு பாலா ஹஸ்ராவைப் பாட்னா உயர் நீதிமன்றமும், சட்டப் பட்டம் கையில் இருந்தும் பெண் என்பதற்காகவே திருப்பி அனுப்பின. அந்தத் தடையை நீக்க 1923இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. பழங்கதை என்று தள்ளுவாரானால், 2024 ஜூலைக்கு வரட்டும்: சட்டம் 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயும் என்று வரையறுத்த பதிவுக் கட்டணத்துக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்ததை உச்ச நீதிமன்றம் நிறுத்தவேண்டி வந்தது. திறந்த வாசலில் இந்தச் சுங்கச்சாவடி எதற்கு?

அவர் தொடவே தொடாத இடம் ஜூனியரின் சம்பளம். கேஸ் கட்டைச் சுமக்கவைத்து, மனு எழுதவைத்து, வாய்தா வாங்க அனுப்பி, அந்த உழைப்புக்கும் சேர்த்துக் கட்சிக்காரரிடம் பீஸ் வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் அவன் கூலி கேட்டால் தொழில் கற்றுத்தருகிறேனே என்பது சேம்பர் வழக்கம். மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லவேண்டிய நிலை. வீட்டிலிருந்து வாடகைப் பணம் வருகிறவன் மூன்று வருடம் தாக்குப்பிடிக்கிறான். ராமநாதபுரத்துக் கூலி விவசாயியின் மகள் ஆறாம் மாதமே பெட்டியைக் கட்டுகிறாள். மிஞ்சியவனைக் காட்டி, பார், திறமை வென்றது என்கிறார் நம் சீனியர். இதில் எந்தத் திறமையை எவர் சோதித்தார்?

பெண்கள் கல்யாணமானதும் போய்விடுகிறார்களாம். போகிறார்களா, போகவைக்கப்படுகிறார்களா? அசோசியேட்டுகளை ஊழியராகக் காட்டாமல் ரீடெய்னராக வைத்துக்கொண்டு, பேறுகால விடுப்புக் கேட்டால் நீ எங்கள் ஊழியரே இல்லையே என்று கைவிரிக்க வழி செய்துகொள்ளும் நிறுவனங்களைப் பற்றி அவருக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை.

எல்லோரையும் முனைந்து சேர்ப்பதை அமெரிக்கச் சட்ட நிறுவனங்களே கைவிட்டுவிட்டன என்பது கடைசி அஸ்திரம். அதிலும் பாதிக் கதையை விழுங்கிவிட்டார். 2025இல் அதிபர் ட்ரம்ப் சட்ட நிறுவனங்களுக்கு எதிராக ஆணைமேல் ஆணையிட்டு மிரட்டியபோது பால் வைஸ் நிறுவனம் 4 கோடி டாலர் மதிப்பிலான இலவசச் சட்டப்பணிக்கு ஒப்புக்கொண்டு பணிந்தது உண்மை. ஆனால் பெர்கின்ஸ் கூயி, ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரி ஆகிய நான்கு நிறுவனங்கள் அந்த ஆணைகளை எதிர்த்து வழக்குப் போட்டு, வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நான்கும் வென்றன. மிரட்டலுக்குப் பணிந்தவனைக் கொள்கையை மாற்றிக்கொண்டவனாகக் காட்டுவது வழக்கறிஞருக்கு அழகா? அதே நாட்டில்தான் 1952இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்து முன்வரிசையில் தேறிய சாண்ட்ரா டே ஓ'கானருக்கு ஒரு பெரிய நிறுவனம் வழக்கறிஞர் வேலைக்குப் பதில் செயலாளர் வேலை தருவதாகச் சொன்னது. பின்னாளில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அன்று அவரைத் தட்டிக்கழித்தவர்களும் தரத்தைக் காப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் கேட்பது என்ன? காலியிடத்தை விளம்பரம் செய்யுங்கள், முதல் மாதத்திலிருந்தே சம்பளம் கொடுங்கள், முக்கியமான வழக்குகளில் ஆஜராகும் வாய்ப்பைச் சுழற்சியில் தாருங்கள், பேறுகால விடுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இதில் எது தரத்தைக் குலைக்கும்? குலைவது ஒன்றுதான்: மகனும் மருமகனும் போட்டியில்லாமல் உள்ளே நுழையும் வசதி. இல்லை என்று மறுப்பாரானால், கடந்த பத்தாண்டுகளில் தம் சேம்பரில் சேர்ந்த ஜூனியர்கள் எத்தனை பேர், அவர்களில் விளம்பரம் பார்த்து வந்தவர் எத்தனை பேர், சொந்தபந்தம் எத்தனை பேர், முதல் வருடம் ஒவ்வொருவருக்கும் என்ன கொடுத்தார் என்ற பட்டியலை அடுத்த கட்டுரையில் வெளியிடட்டும்.