ஹாண்டெக்கில் ஒரு புயல்

சலூனிலும் சில்லறைக் கடையிலும் தொங்கும் கலண்டர்களில் நாம் பார்த்துப் பழகிய சுவிஸ் ஒன்று இருக்கிறது. பனிமலை, பச்சைப் புல், மணி கட்டிய மாடு. சுவிஸ் ஓவியர் என்றால் இதைத்தான் வரைந்திருப்பார் என்று நாமும் நினைத்திருந்தோம், அலெக்சாந்தர் கலாமின் ஓவியத்தைப் பார்க்கும் வரை. (பெயரைப் பார்த்து நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1810இல் வெவே பக்கம் பிறந்த சுவிஸ்காரர்.)

'ஹாண்டெக்கில் புயல்' 1839இல் வரையப்பட்டது. ஹாண்டெக் என்பது பேர்ன் மலைப்பகுதியில் ஆரே ஆறு பாறைகளுக்குள் விழுந்து ஓடும் இடம். காற்றில் வளைந்து போராடும் பைன் மரங்கள், முறிந்து கிடக்கும் கட்டைகள், நுரைத்து வரும் தண்ணீர், கறுத்த வானம். அந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தால் இரைச்சலே காதில் விழும் போலிருக்கும். அதே வருடம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இப்போது ஜெனீவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கலாமின் படங்களில் நாடகத்தனம் அதிகம் என்பார்கள். இருக்கட்டும். புயலை வேறு எப்படி வரைவதாம்?

நமக்குப் படத்தை விட அதற்கு முந்திய கதைதான் பெரிது. சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். தந்தை சலவைக்கல் தொழிலாளி, கையிலிருந்ததை இழந்தவர். அவரும் இறந்துவிட, தாயைப் பார்க்கும் பொறுப்பு மகன் தலையில். பதினைந்து வயதில் வங்கி வேலை. ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன சுவிஸ் காட்சிகளை வரைந்தார். தியோதாத்தி என்ற வங்கியாளர்தான் 1829இல் அவரை ஓவியர் பிரான்சுவா திதேயிடம் படிக்க வழி செய்தார். 'தாயைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று அவரும் கேட்டிருக்கலாம். நாமாக இருந்தால் கேட்டிருப்போம்.

உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு தவணையிலும் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் வாங்குபவர்கள் நாம்தான். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. பெற்றோரும் அதற்காக நம்மைப் பாராட்டுவார்கள். சித்திரத்தில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை. இது பிழை என்றே இப்போது நினைக்கிறோம்.

சென்ற மாதம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மரம் வரைந்ததற்காக ஒரு பிள்ளையைப் பாடம் முடியும் வரை எழுப்பி நிற்க வைத்தோம். அந்தக் கொப்பி இன்னும் நமது மேசையில்தான் கிடக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தோம். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பது அந்த மரத்தில் தெரிகிறது.