தராசில் வைக்கக்கூடாதது

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, ஆய்வு அனுபவத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஓயாமல் விவாதிக்கப்படும் கேள்வி. அங்கே பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. கல்லூரி மதிப்பெண் சராசரி, 528 புள்ளிகளுக்கான எம்கேட் தேர்வு ஆகியவற்றோடு ஆய்வகத்தில் கழித்த மாதங்களும் விண்ணப்பத்தில் இடம்பெறுகின்றன. அதே கேள்வியைத் திருவண்ணாமலையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டுப் பாருங்கள். “ஆய்வா? அதற்கு எத்தனை மார்க்?” என்பார். இங்கே பதினேழு வயதில் ஒரே அமர்வில் எழுதும் தேர்வில் 720க்கு எத்தனை என்பதுதான் முடிவு.

அவருடைய பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிடும் போக்கு நம் படித்த வட்டாரங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் தமிழ்நாட்டின் வரலாறு ஒன்று இருக்கிறது.

மதிப்பெண்ணைத் தவிர வேறு தகுதிகளையும் பார்த்து மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கே ஏற்கெனவே இருந்ததுதான். 1970இல் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண்கள் தரப்பட்டன. விளையாட்டு, தேசிய மாணவர் படை, சேவை, உடல்திறன், பொதுத் திறமை, மருத்துவத்துக்கான இயல்பு என்று அழகான தலைப்புகளும் இருந்தன. ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்புவாரியாகப் பிரித்து மதிப்பெண் இடவில்லை. மொத்தமாக ஒரு தொகையைத் தங்கள் விருப்பப்படி போட்டார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. விரிந்த தகுதிகள் என்று தொடங்கியது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனப்போக்கில் போய் முடிந்தது.

அதன் பிறகு வந்தவை எல்லாம் எண்களின் காலங்கள். 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு; 2007இல் அது சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டு பிளஸ் டூ மதிப்பெண்; 2017 முதல் நீட். இவற்றுள் எது நியாயமானது என்று நாம் சண்டையிடுகிறோம். அந்தச் சண்டை அவசியமானதும்கூட. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. யார் மகன், யார் மகள் என்று எண் கேட்பதில்லை என்பதே அது. செங்கத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருப்பவருக்கு, தன் பிள்ளையை மாவட்டத் தலைநகரில் யாருக்கும் தெரியாது என்பது நன்றாகத் தெரியும். ஆகவே அவர் எண்ணைப் பற்றிக்கொள்கிறார். எண்ணும் ஓரளவுக்கு விலைக்கு வாங்கக்கூடியதே என்பதைப் பயிற்சி மையங்களின் பேனர்கள் ஊர்தோறும் சொல்கின்றன. இருந்தாலும் பரிந்துரைக் கடிதத்தோடு ஒப்பிட்டால் எண் எவ்வளவோ மேல் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வு அனுபவத்தையும் சேர்க்கைக்குக் கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே மருத்துவ மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத் தேர்வின் மதிப்பெண்ணை 2022 ஜனவரியில் நிறுத்திவிட்டு வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாற்றினார்கள். மன அழுத்தத்தைக் குறைப்பது நோக்கங்களில் ஒன்று. ஆனால் தங்களை வேறுபடுத்திக் காட்டுவதற்கான அழுத்தம் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையின் மேல் இன்னும் பலமாக இறங்கியது. அதே 2022இல் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்து நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் பயிற்சி இடம் பெற்றவர்கள் காட்டிய ஆய்வுச் சுருக்கங்கள், உரைகள், கட்டுரைகளின் சராசரி ஆளுக்கு 25ஐத் தாண்டியிருந்தது. இருபதுகளில் இருக்கும் ஒருவர் நான்கைந்து ஆண்டுகளில், படிப்புக்கு நடுவே, இருபத்தைந்து விஷயங்களை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? 2023இல் ப்ரோபப்ளிகா இதழ் வெளியிட்ட புலனாய்வு, பணம் வாங்கிக்கொண்டு பள்ளி மாணவர்களை ஆய்வுக் கட்டுரையாளர்களாக்கித் தரும் நிறுவனங்களைப் பற்றிச் சொன்னது. ஆய்வுக்கு மதிப்பெண் போட்டால் ஆய்வும் டியூஷன் ஆகிவிடும். அந்த டியூஷன் கட்டணம் செங்கத்துக்காரரால் கட்ட முடியாததாக இருக்கும்.

வேலூர் சி.எம்.சி.யை இதற்கு மறுப்பாகச் சிலர் காட்டக்கூடும். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மாணவர்களை நேரில் அழைத்து, பேசி, கவனித்துத் தேர்ந்தெடுக்கும் முறையை அது பல பத்தாண்டுகள் நடத்தியது. நீட் வந்தபோது 2017இல் தன் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிரப்பாமலே விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்த முறை முடிவுக்கு வந்தது. அது நல்ல முறையாகவே இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றும் கடப்பாட்டோடு சில பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு நிறுவனம் செய்ததை, ஆயிரக்கணக்கான இடங்களை நிரப்பும் ஓர் அரசு செய்ய முடியாது. 1970 அதைத்தான் காட்டியது.

எனவே வாசலில் எண் இருக்கட்டும். ஆனால் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாத வளர்ப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 நீட் தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்டபடி 67 பேர் 720க்கு 720 வாங்கினார்கள். திருத்தத்துக்குப் பின் அது 17 ஆயிற்று. உச்சியில் எண்ணுக்குப் பிரித்தறியும் சக்தி தீர்ந்துபோகிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பள்ளி முடித்த ஆண்டிலேயே இடம் பெறாமல் மறுபடி முயன்று வந்தவர்களின் பங்கு 2010-11இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். பதினெட்டு, பத்தொன்பது வயதின் முழு ஆண்டுகள், விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகளுக்கு விரைவாக விடை குறிப்பதில் கழிகின்றன. உள்ளே போன பிறகும் அது நிற்பதில்லை. மேற்படிப்புக்கான நீட்டை நோக்கி முதலாண்டிலேயே தயாராகிறார்கள்.

இதன் மறுமுனையில் இருப்பது இன்னொரு எண். 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வுகளை மருத்துவர் சமிரன் நந்தியும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 57.3 சதவீத நிறுவனங்கள் பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிட்டிருக்கவில்லை. கோடிக்கணக்கான நோயாளிகள் வந்துபோன மருத்துவமனைகள் இவை. யாருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லையா, எழுந்த சந்தேகத்தை எழுதிவைக்கத் தோன்றவில்லையா?

சந்தேகத்தை எழுதிவைப்பதுதான் ஆய்வு என்பதற்கு நமக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதி. வேலூர் இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த வேலூரில் 1940களின் இறுதியில் பால் ப்ராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்ற பொது நம்பிக்கையைச் சந்தேகித்தார். நோயாளிகளின் காயங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, காலணிக்குள் கிடந்த ஆணி என்று சாதாரணக் காரணங்கள் வெளிப்பட்டன. நோய் வலியைக் கொன்றது. வலி இல்லாததால் காயங்கள் கவனிக்கப்படாமல் விரல்களைக் கொண்டுபோயின. இதைக் கண்டறிய முதலில் தேவைப்பட்டவை பொறுமையும் ஒரு குறிப்பேடும்.

அந்தக் குறிப்பேட்டுக்குத் திருவண்ணாமலையில் இன்றும் வேலை இருக்கிறது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லட்சக்கணக்கானவர்கள் சுற்றுகிறார்கள், பெரும்பாலோர் வெறுங்காலோடு. நீண்ட நாள் சர்க்கரை நோயும் பாதத்தின் உணர்வை மழுக்கிவிடும். கல் குத்தியதோ கொப்புளம் கண்டதோ அப்படிப்பட்டவர்களுக்குத் தெரியாது. நடந்து முடித்து வீடு திரும்பும் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் தம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆசிரியரின் துணையோடு, தன் தெருப் பெரியவர்களின் சம்மதம் பெற்று, இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிவைக்கலாம். ஜவ்வாது மலையில் பாம்பு கடித்தவர் ஊசி மருந்து கிடைக்கும் இடத்தை அடைய எவ்வளவு நேரமாகிறது என்பது, சற்று வளர்ந்த பிறகு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்ததால், அதற்கான பதிவுகளும் இனி சேரும்.

மதிப்பெண்ணையும் ஆய்வையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்வது இதனால்தான். பிளஸ் டூ மாணவியிடம் போய் ஆய்வும் செய் என்பது கொடுமை. அந்த ஆண்டு தேர்வுக்கு உரியது. அவளை நிம்மதியாகப் படிக்கவிட வேண்டும். ஆய்வுக்கான காலம் அதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது. முன்பு என்றால் பதிமூன்று முதல் பதினைந்து வயது. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ப் பிரச்சினையைக் குழந்தைகள் தாமே ஆராய்ந்து அறிக்கையாக்கும் வழியைத் திறந்தது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தின் உழைப்பு அதில் பெரிது. பின்பு என்றால் எம்.பி.பி.எஸ். ஆண்டுகள். ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் உண்டு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்கிவருகிறது. கிரிவலப் பாதங்களைப் பற்றிய கேள்வியை அங்கே படிக்கும் மாணவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் இதை எழுதும்போது செகாவ் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மருத்துவரான அவர் 1890இல் சைபீரியாவைக் கடந்து சகலின் கைதித் தீவுக்குப் போனார். மூன்று மாதங்கள் குடிசை குடிசையாக ஏறி இறங்கி ஏறத்தாழ பத்தாயிரம் கணக்கெடுப்பு அட்டைகளை நிரப்பினார். அந்த ஆய்வைக் கொண்டு அவருக்கு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்றுத்தர முயன்றதையும், டீன் அதை ஏற்க மறுத்ததையும் அவருடைய வகுப்புத் தோழர் ரொஸோலிமோ பதிவுசெய்திருக்கிறார். செகாவின் தராசில் அந்தப் பத்தாயிரம் அட்டைகளுக்குக் கிடைத்த எடை பூஜ்யம். ஆனால் 1895இல் நூலாக வெளிவந்த ‘சகலின் தீவு’ இன்றும் வாசிக்கப்படுகிறது.

எந்த மதிப்பெண்ணும் கிடைக்காது என்று தெரிந்தே செய்யப்படும் ஒரு சிறிய வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அனுமதிக்கும்படி பெற்றோரிடம் கேட்கத் தோன்றுகிறது. ஒரு கோடை விடுமுறை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அந்தப் பிள்ளைக்குப் பிறகு மருத்துவ இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை என்பதே உண்மை. கிடைத்தால் நோயாளியின் காலைத் திருப்பிப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் நமக்குக் கிடைப்பார். கிடைக்காவிட்டாலும், தன் வீட்டுப் பெரியவரின் காலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருப்பார்.