ஆழம் செல்லாத நீர்

கடந்த விடுமுறையில் பங்கு மக்களுடன் வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் பயணமானேன். வழியில் கன்னியா வெந்நீரூற்றில் இறங்கினோம். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்றே வேறுபடுகின்றது.

"பாதர், இதுக்குக் கீழ எரிமலை இருக்கோ?" என்றான் ஒரு சிறுவன்.

இல்லை. ஹவாயின் கிலாவெயா எரிமலைப் பூங்காவில் மழைநீர் கனன்ற பாறையால் கொதித்து நீராவியாக எழுகின்றது. இலங்கையில் எரிமலை கிடையாது. இங்கு மழைநீர் பாறை வெடிப்புகளூடாக வெகு ஆழம் இறங்கி, புவியின் உள்வெப்பத்தைப் பெற்று மேலெழுகின்றது. ஆழம் செல்லாத நீர் சூடேறுவதில்லை.

இந்து சகோதரர்கள் இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகளை நெடுங்காலமாக இங்கு செய்து வருகின்றனர். அதைக் கேட்ட எங்கள் பங்கின் தாய் ஒருவர் மெல்லச் சொன்னார்: "இறந்தவர்களுக்கான பூசையில் என்ர மகனின்ர பேரைக் கொடுக்க மனம் வரேல்லை, பாதர். உயிரோட இருக்கிறான் எண்டு சொல்லவும் வழியில்லை." 2009இல் காணாமற்போனவர் அவருடைய மகன்.

எனக்கு மறுமொழி வரவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் இத்தகைய தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினர். தொடக்கத்தில் பலர் அவர்களை நாடிச் சென்றோம். பின்னர் எம் வருகை குறைந்தது. பிள்ளையைக் காணாமலே கண்மூடிய தாய்மார் பலர். குறைந்தவர்களுள் நானும் ஒருவன்.

இலவோதிக்கேயாத் திருச்சபையைக் குளிர்ச்சியுமற்ற, சூடுமற்ற நிலைக்காக ஆண்டவர் கடிந்துகொள்கிறார் (திருவெளிப்பாடு 3:15-16). அந்நகருக்கு அருகே எராப்பொலியில் வெந்நீரூற்று இருந்தது; கொலோசையில் குளிர்ந்த நீர் இருந்தது. ஒன்று உடல்நோவைத் தணிக்கும். மற்றது தாகத்தைத் தீர்க்கும். வெதுவெதுப்பான நீர் இரண்டுக்கும் உதவாது. வெதுவெதுப்பு என்பது பகைமையன்று. பிறர் துயரின் ஆழத்துக்கு இறங்க மறுக்கும் மனநிலையே அது.

"மறந்துவிடுங்கள்" என்று அத்தாய்மாருக்குப் போதிப்பது எளிது. அது மன்னிப்பைப் பற்றிய போதனை ஆகாது. எம் களைப்பின் குரலே. இலாசரின் கல்லறையருகே இயேசு முதலில் கண்ணீர் விட்டார். அதன் பின்னரே கல்லை அகற்றச் சொன்னார்.

இறந்தோருக்கான நவம்பர் மாதப் பூசைகளில், காணாமற்போனோருக்கெனத் தனிக் கருத்து ஒன்றை ஒவ்வொரு பங்கும் சேர்க்கட்டும். இறந்தார் என்றோ, இருக்கிறார் என்றோ நாம் தீர்ப்பிட வேண்டாம். அவர்களுடைய பெயர்களைப் பீடத்தின்முன் உரக்க வாசித்தாலே போதும். அத்தாயின் மகனுடைய பெயரை முதலில் வாசிக்க நான் கடமைப்பட்டவன்.