வண்டியை உயர்த்தலாமா?

கேள்வி: "வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதையில் பிக்கப் ஓட்டுகிறேன். அடியில் கல் இடிக்கிறது. டயர் 265/65 ஆர்17. இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட்டு, 285/70 ஆர்17 டயர் மாட்டலாமா?" – வாசகர், பொள்ளாச்சி

பதில்: இடிக்கும் இடம் எது என்று முதலில் குனிந்து பாருங்கள். லிஃப்ட் கிட் சேஸியையும் பாடியையும்தான் உயர்த்தும். பின் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. நீங்கள் கேட்கும் டயரில் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகும். அதில் பாதி, சுமார் ஓர் அங்குலம்தான் ஆக்ஸிலுக்கு லாபம்.

நஷ்டம்? ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வேகம் 7 சதவீதம் கூடும். பிரேக்குக்கு வேலை அதிகம். ஆழியாறு மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் உயரமான வண்டி கூடுதலாகச் சாயும். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும்.

அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர், அடியில் உறுதியான ஸ்கிட் பிளேட் போதும். வீட்டார் ஏறும் வண்டி. கம்பீரத்தைவிட நிதானம் முக்கியம்.