அழகின் பெயரால் விஷ ஊசி!

உவரிக் கடற்கரையில் வாழும் நமக்கு மணல் வியாபாரத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2013ல் தாதுமணல் எடுப்பதற்குத் தடை வரும்வரை அள்ளிச் சேர்த்தவர்கள் யார், கரையை இழந்தவர்கள் யார் என்பது வலை இழுக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மணலில் பிறந்த இன்னொரு சரக்கைப் பற்றி இன்று சொல்லுகிறோம். அதன் பெயர் திரவ சிலிக்கோன். குவார்ட்ஸ் மணலிலிருந்து பிரிக்கும் சிலிக்கானைக் கொண்டு ஆலையில் செய்யும் எண்ணெய் போன்ற பொருள் அது. இயந்திரத்துக்கு உதவுகிறது. விழித்திரை பிரிந்தவருக்குக் கண் டாக்டர் கையில் அதன் சுத்தமான வகை பார்வையைக் காக்கிறது. இதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் உதட்டைத் தடிக்க வைக்க, மார்பைப் பெருக்க, பிட்டத்தைத் திரட்ட அதையே ஊசியில் ஏற்றுகிறார்களே, இது வைத்தியமா? வழிப்பறியா?

ஏற்றிய எண்ணெய் போட்ட இடத்தில் நிற்பதில்லை. இரத்தக் குழாயில் புகுந்தால் நுரையீரலை அடைக்கிறது. ஆள் மூச்சுத் திணறிச் சாகிறார். மூளைக்குப் போனால் பக்கவாதம். தப்பியவர்களுக்கும் பல வருஷம் கழித்துக் கட்டி, ஆறாத புண், உருக்குலைவு. சதையோடு கலந்துவிட்ட எண்ணெயை எந்தக் கத்தியாலும் முழுவதும் எடுக்க முடியாது.

இது நேற்றுக் கண்ட உண்மையா? இல்லை! இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் பெண்களின் மார்பில் ஏற்றினார்கள். 1960களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நடனப் பெண்களுக்கு ஏற்றினார்கள். 2017ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே, உடலமைப்பை மாற்ற சிலிக்கோன் ஊசிக்கு அனுமதி கிடையாது என்று ஜனங்களை எச்சரித்தது. ஆயினும் கள்ள ஊசி ஒழியவில்லை. லாபம் இருக்கிறதே!

“அழகுப் பைத்தியம், அனுபவிக்கட்டும்” என்கிறார்கள் சில கனவான்கள். கனவான்களே, உடலைக் காட்டி விலை பேசும் சந்தையைக் கட்டியது யார்? இந்த ஊசிக்கு உலகெங்கும் அதிகம் பலியாகிறவர்களில் திருநங்கைகள் முன்னணியில் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கேலி செய்து விரட்டினால், அவர்கள் கள்ள ஊசிக்காரனிடம் போகாமல் வேறெங்கே போவார்கள்?

ஏட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2008ல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது. அறுவை சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் சர்க்கார் பொறுப்பு என்கிறது 2019ம் வருஷத்து மத்தியச் சட்டம். மார்பின் வடிவத்தை மாற்ற மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. ஆனால் அழகு விளம்பரம் கைபேசி வழியே குடிசைக்குள் வருகிறது, வைத்தியமோ வருவதில்லை! உவரியிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூலியை இழந்துதான் பஸ் ஏற வேண்டும்.

நாம் கோருவது இதுதான்: கள்ள ஊசிக்காரர்கள் மீதும் பொய் விளம்பரக்காரர்கள் மீதும் வழக்குப் போடு! சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் திருநங்கைகளுக்கு மரியாதையோடு இலவச சிகிச்சை கொடு!

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சு முட்டினால், கை கால் மரத்தால், தோல் கறுத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குச் சென்று, என்ன ஏற்றினார்கள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல; உங்கள் உடலில் விஷத்தை ஏற்றிக் காசு எண்ணியவன்தான்!