டீச்சருக்கு எதுக்கு டாடா 207?



போன மாதம் என் வாசலில் சும்மா நின்ற வண்டியைப் படம் எடுத்து, 'டீச்சர் ரிடையர் ஆன காசைக் காயலான் கடையில் போட்டுட்டாங்க' என்று நம் குடும்பக் குழுவில் ஒருவர் எழுதினார். பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். இந்தப் பதிவு அந்தப் பதினோரு பேருக்கு. கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து படியுங்கள்.

ஆமாம், வாங்கினேன். 2010 மாடல் டாடா 207 பிக்கப். விலை 1,65,000 ரூபாய், வேலை பார்த்த செலவு 1,12,000. ஆக 2,77,000. காசிமேட்டில் மீன் லோடு அடிக்கிற என் தங்கை மகனுக்காக.

2022இல் அவனைப் புது வண்டி வாங்க வைத்தது யார்? சிரித்தவர்களில் நான்கு பேர். 'பழசு வாங்கினா நம்ம மரியாதை என்ன ஆவது' என்றீர்கள். செப்டம்பரில் வண்டி வந்தது, மாலை போட்டுப் படம் எடுத்தீர்கள். மாதத் தவணை 17,400. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்று ராயபுரத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. முதல் வருஷம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துச் சமாளித்தான். 2024இல் ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று தவணை நின்றது. ஜூலையில் ஒரு விடியற்காலை வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை கட்டியது 19 தவணை. பெருக்கிப் பாருங்கள்: 3,30,600. முன்பணம் தனி. மிச்சம் இருப்பது அந்த மாலை போட்ட படம்தான்.

பழசு எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. முதலில் பார்த்த இரண்டை வேண்டாம் என்றேன். நம் பக்கத்து வண்டிக்கு முதலில் சேசிஸைத்தான் பார்க்க வேண்டும். மீன் பெட்டி ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டிச் சொட்டி அடியில் இறங்கும். மேலே பெயின்ட் மினுங்கும், கீழே இரும்பு அப்பளம். சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். ஒன்று 'பொத்' என்றது. இன்னொன்றில் ஆயில் கேஜை உருவினால் பால் காபி நிறம். எஞ்சினுக்குள் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது. நாங்கள் வாங்கியது அரிசி மண்டியில் ஓடிய வண்டி. ஆர்.சி.யில் பழைய கடன் இருந்தது. தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் 29, 30இல் கையெழுத்து, பணம்.

வேலை பார்த்தது காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறை. நடத்துகிறவன் என் மாணவன். ஐந்தாம் வகுப்பில் அவனுக்குப் பின்னம் வரவில்லை. 'நீ ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு' என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். இன்று அவன் சிலிண்டர் தேய்மானத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து சொல்கிறான். நான் சொன்னது தப்பு. அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். 1950களிலேயே எண்ணூரில் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வண்டி செய்த ஊர் இது. அந்த இரும்பைத் தொட்ட சம்பளத்தில் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை அழுக்கானால் இப்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

'பழைய டீசல் புகை கக்குமே டீச்சர்' என்று அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. எண்ணூர், மணலிக் காற்றைச் சுவாசிக்கிறவளுக்குப் புகை தெரியும். அதனால்தான் எஞ்சினோடு பம்ப், நாசில் எல்லாம் கழற்றிச் சரி பண்ணினோம். புகைச் சோதனை தேறியது, எஃப்.சி.யும் ஆயிற்று. வருஷா வருஷம் எஃப்.சி., பசுமை வரி, குறைந்த மைலேஜ் எல்லாம் உண்டு. மறைக்கவில்லை.

இந்தத் தடைக்காலத்தில் வண்டி பாதி நாள் வாசலில் நின்றது. யாரும் தேடி வரவில்லை. போன வாரம் படகுகள் கடலுக்குப் போயின. இன்று விடியற்காலை மூன்று மணிக்குச் செல்ஃப் அடித்தான், முதல் தடவையிலேயே பிடித்தது. வஞ்சிரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவருவான். பதினோரு பேருக்கும் வண்டி வாடகை தனி.