மயிலிடம் படித்த பாடம்



எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம். அறுவடை நெருங்கினால் வயலுக்குள் மயில்கள் இறங்கிவிடும். நெல்லைத் தின்று பெரும் தலையிடி தரும். என்றாலும் முருகனின் வாகனமல்லவா! கலைத்துவிடுவோமே தவிர, அடிக்க மனம் வராது.

முன்பள்ளிக் கலைவிழாவுக்கு மயில் நடனம் ஆடவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். பழக்கிவிட ஆளில்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் போனேன். சிறுவயதில் பரதநாட்டியம் பயின்றவள். 2009இல் கணவனை இழந்தபின் சதங்கையைத் தொட்டதேயில்லை.

“என்னக்கா கதைக்கிறீங்கள்? நான் ஆட வெளிக்கிட்டால் சனம் என்ன சொல்லும்?” என்றாள்.

அவளுக்கு வஜிராவின் கதையைச் சொன்னேன்.

1932இல் பிறந்த வஜிரா, நடனக் கலைஞர் சித்ரசேனாவின் மாணவியாகிப் பின்னர் அவரையே மணந்தவர். கண்டி நடனம் அக்காலத்தில் ஆண்களின் கலை. அதில் வன்னம் எனப்படும் 18 ஆடல்கள் உண்டு. யானை, குதிரை, முயல், பருந்து, மயில் என்று இயற்கையில் கண்டவற்றின் அசைவுகளே பலவற்றுக்கு அடிப்படை. மயில் வன்னத்தில் வருவதும் கதிர்காமக் கந்தனின் வாகனம்தான். ஆண்களின் இந்த ஆடலைப் பெண்ணின் உடலுக்கேற்ற நளினத்தோடு மேடையில் ஆடிக்காட்டிய முன்னோடி வஜிரா. பெண் பிள்ளைகளுக்கென்று பயிற்சி முறையையும் வகுத்தார்.

1963இல் சித்ரசேனா நளன், தமயந்தி கதையை நவீன நாட்டிய நாடகமாக்கினார். அதில் தூது போகும் அன்னமாக ஆடியவர் வஜிரா. சரசுவதியின் வாகனமான பறவை ஒரு பெண்ணின் கைகளிலும் கழுத்திலும் உயிர்பெற்றது. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை இந்திய அரசு அவருக்கு அறிவித்தது.

“தமயந்தியும் காட்டுக்குள்ளே புருசனைத் தேடி அலைஞ்சவள்தானே அக்கா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு பேசவில்லை.

மறுநாள் விடிய, பிள்ளைகளோடு வயல் வரம்பில் வந்து நின்றாள்! ஓர் ஆண்மயில் தோகையை விரித்துச் சிலிர்த்தது. பெண்மயிலோ திரும்பியும் பாராமல் இரை பொறுக்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“வடிவாய்ப் பாருங்கோ. முதலில் கழுத்து, பிறகுதான் கால்” என்றாள் தங்கச்சி. சொல்லிக்கொண்டே தானும் கழுத்தை நீட்டி, பாதத்தை மெல்லத் தூக்கி வைத்தாள். பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாய் நடந்தார்கள். அன்று பாட்டுமில்லை, உடுப்புமில்லை. பார்த்ததைப் பார்த்தபடி ஆடினார்கள்.

கலைவிழாவன்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தது உண்மைதான். ஆனால் விழா முடிந்ததும் மூன்று தாய்மார் அவளிடம் வந்து, தங்கள் பிள்ளைகளையும் பழக்கிவிடக் கேட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் வீட்டு முற்றத்தில் வகுப்பு நடக்கிறது. அவள் கைக்கும் சிறு வருமானம்.

சகோதரிகளே, ஆண்மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்த்துவிடும். உதிர்ந்த பீலியை நாம் காவடிக்குப் பொறுக்கி வைக்கிறோம். மயிலுக்கோ தோகை மீண்டும் முளைக்கிறது. நாம் இழந்தவர்கள் அப்படித் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் கற்ற கலை எங்களிடமே இருக்கிறது. நீங்களும் எதையாவது பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால், ஒருமுறை திறந்து பாருங்கள்.